காருக்குள் நாலு மணி நேரம்

"நாலு மணி நேரம் கதவைச் சாத்தி வெச்சாலும் உள்ள சூடு ஏறக் கூடாது பாய். நான் மண்டபத்துல மணையில உட்கார்ந்திருப்பேன், அடிக்கடி எழுந்து வந்து பார்க்க முடியாது" என்றான் வெங்கட்ராகவன்.

தில்லை நகரில் கார் அலாரம் பொருத்துகிற கடை அது. தையற்கடையில் வாங்கிய புது ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாய்க்கு வந்த வாழ்வைப் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

வெங்கட்ராகவனின் மகள் மேகனாவுக்கு வியாழக்கிழமை கல்யாணம். தன் நாய் பிஸ்கட் இல்லாமல் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றாள். ஆசாரமான இடத்தில் நாயா என்று சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். ஆக, நாயைக் காரில் ஏசி போட்டு உட்கார வைக்கப் போகிறான் தம்பி என்று குமுதவல்லி கணக்குப் போட்டுக்கொண்டாள்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிதானே என்று கேட்டுக்கொண்டு, கடைக்காரர் நஜிமுதீன் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று வெறும் ரிமோட். நூறு மீட்டர் தாண்டினால் வேலை செய்யாது. இன்னொன்றில் சிம் கார்டு உண்டு. எங்கிருந்தாலும் போனிலேயே இன்ஜினை ஸ்டார்ட் செய்யலாம், ஏசி ஓடும், உள்ளே எவ்வளவு சூடு என்றும் காட்டும். இருபது நிமிஷத்தில் இன்ஜின் தானாக நின்றுவிடும், மறுபடி ஒரு தரம் தொட்டால் போதும் என்றார்.

வெங்கட்ராகவன் லேசில் திருப்தி அடைகிற ஆளில்லை. உள்ளே அசைந்தால் சைரன் அலறுமே, அதை மட்டும் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டான். முடியும் என்றார். உள்ளேயிருந்து கதவைத் திறந்தால் உடனே போனுக்குத் தகவல் வருமா என்று கேட்டான். அதுவும் வரும் என்றதும்தான் அவன் முகம் தெளிந்தது. சிம் போட்டதையே மாட்டச் சொல்லிவிட்டான்.

குமுதவல்லிக்கு இதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. அவள் நினைப்பு முழுக்க முகூர்த்தத்தில் இருந்தது. தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளாதவள். மேகனாவைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள்.

அந்த முகூர்த்தத்தையே பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். நிச்சயதார்த்தத்தில் வாத்தியார் பத்திரிகை வாசிக்கும்போது பெண்ணின் நட்சத்திரம் அனுஷம் என்றார். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்த வாய் சும்மா இருக்குமா? "அனுஷம் இல்லை, மூலம். பிறந்த நேரத்தைக் குறிச்சு வெச்சவளே நான்தான்" என்று சபையில் திருத்திவிட்டாள்.

மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று நம்புகிற குடும்பம் மாப்பிள்ளையுடையது. அதற்காகவே தம்பி ஜாதகத்தில் பிறந்த தேதியை மாற்றியிருந்தான். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா முகம் வெளுத்ததும், அக்காவுக்கு மறதி நோய், என்ன பேசுகிறோம் என்றே தெரியாது என்று கையைக் கூப்பிச் சமாளித்தான். பெண்ணின் வாழ்க்கைக்காகக் குமுதவல்லியும் திருதிருவென்று விழித்து, மறதிக்காரியாகவே நடித்துவிட்டு வந்தாள். எவ்வளவு அவமானம்.

அன்று ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பியதும் தம்பி மனைவி கமலினி, கல்யாணத்துக்கே அக்கா வரக் கூடாது என்றாள். வீட்டில் விட்டுப் போனால் ஆட்டோ பிடித்து வந்து நிற்பேன் என்று இவளும் சொல்லிவிட்டாள். அப்புறம் தம்பியிடம் தனியாக அழுதாள். வாயே திறக்க மாட்டேன், தூணுக்குப் பின்னால் நின்று தாலி ஏறுவதை ஒரு கண் பார்த்தால் போதும் என்று கெஞ்சினாள்.

அவனும் கண் கலங்கத்தான் செய்தான். "நீ இல்லாம மேகனா கல்யாணமா? என் கார்லயே அழைச்சிண்டு போறேன்க்கா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக, மறதிக்காரி என்று ஊரெல்லாம் சொன்னதையும் அவனுக்கு மன்னித்துவிட்டாள்.

கடையில் எல்லாம் பொருத்தி முடிய மதியம் ஆயிற்று. பின் சீட் வரை குளிர் வருகிறதா என்று பார்க்க அக்காவையே உள்ளே உட்காரச் சொன்னான் வெங்கட்ராகவன். நாய் உட்காரப் போகிற இடம் என்று கூச்சமாக இருந்தாலும், தம்பி சொல்கிறானே என்று பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். இறங்கியதும், சுகமாக இருக்கிறது, தூக்கமே வருகிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கடைக்குள் போனாள்.

நஜிமுதீனுக்கு மனசு கேட்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க சார். வாயில்லா ஜீவன், நாலு மணி நேரம் காருக்குள்ள அடைக்காதீங்க. மண்டபத்துலயே ஒரு ரூம் கேட்டுப் பாருங்க" என்றார்.

நல்ல மனுஷன் என்று தோன்றியது குமுதவல்லிக்கு. அதுவும் ஓர் உயிர்தானே, நாமும் ஒரு வார்த்தை சொல்வோம் என்று டம்ளரை வைத்துவிட்டுத் தம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான்.

"பிஸ்கட்டுக்கு மண்டபத்துல ஏசி ரூம் போட்டாச்சு பாய், இது அக்காவுக்கு."