பின் டயருக்குக் குளிர் விட்டது

மார்கழி மாதத்து விடியலில், மலையுச்சிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. அடிவாரத்திலிருந்து நர்ஸ் ஜெசிந்தா மோட்டார் சைக்கிளில் புறப்பட்டாள்.

உதைத்த ஒரே நிமிடத்தில் என்ஜினுக்குச் சூடேறிவிட்டது. "கிளம்பு, பறக்கலாம்!" என்று உறுமியது.

பின் டயருக்கோ உடம்பெல்லாம் விறைத்துக் கிடந்தது. "அண்ணே, எனக்கு இன்னும் குளிர் விடலை. ரப்பர் இளகினாத்தான் தரையைப் பிடிக்க முடியும். கொஞ்ச தூரம் மெதுவா போவோம்."

"உனக்காக ஒரு உயிர் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

என்ஜின் வேகமாக இழுத்தது. முதல் வளைவிலேயே டயர் வழுக்கி, வண்டி பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. ஜெசிந்தா காலை ஊன்றி வண்டியைத் தாங்கிப் பிடித்தாள். என்ஜின் உறுமலைத் தணித்துக்கொண்டது.

அதன்பிறகு மெதுவாகப் போனார்கள். தார்ச்சாலையில் உரசி உரசி, டயருக்குள் கதகதப்பு பரவியது. மூன்றாவது வளைவில், சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் அதற்குத் தெரிந்தது.

"அண்ணே, இப்போ இழுங்க!"

"நிஜமாவா?" என்ஜின் வேகத்தைக் கூட்டாமலே கேட்டது.

"நான் பிடிச்சுக்கறேன்."

பிடி இறுகியதை உணர்ந்த ஜெசிந்தாவும் ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள். பனியில் நனைந்த பத்து கொண்டை ஊசி வளைவுகள். வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. ஓரிடத்திலும் டயர் நழுவவில்லை.

உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு ஜெசிந்தா பையோடு உள்ளே ஓடினாள். சற்று நேரத்தில் வீலென்று ஓர் அழுகை மலையெங்கும் கேட்டது.

"அண்ணே," ஆவி பறக்கச் சிரித்தது டயர், "உங்க சத்தத்தையே மிஞ்சிடுச்சு!"