சபாநாயகரின் அங்கி

“தம்பி லட்சுமணன் கீறான். அவன் சம்சாரம் பஞ்சவர்ணம் கீது. அவங்க புள்ள உத்தமன் கீறான். நான் வேலுசாமி, இந்த ஊட்டுக்குப் பெரியவன். காலேஜ்லேர்ந்து நீங்க வந்துகீறீங்க. அவ்ளோதான் ஆளு. எல்லார் எதிர்லயும் சொல்றேன் டீச்சரம்மா, எங்க நைனா பேரை அந்தப் படத்துக்குக் கீழே போடாதீங்க.”

வேலுசாமி நின்றுகொண்டே சொன்னார். ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும், சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் அவர் வெளியாள் முன்னால் வந்ததில்லை.

வசந்தகுமாரி மடியிலிருந்த அந்த ஓவியத்தின் புகைப்படத்தைப் பார்த்தாள். வேலப்பன்சாவடி கல்லூரியில் வரலாறு நடத்துபவள். மறுநாள் காலை அம்பத்தூரில் அவள் ஏற்பாடு செய்த கண்காட்சி தொடங்குகிறது. ‘ஓவியங்களில் சபாநாயகர்’ என்று தட்டி கூட கட்டியாகிவிட்டது.

“இதுல அவமானம் ஒண்ணுமே இல்லைங்க ஐயா,” என்றாள். “இந்தப் படத்துல இருக்கற சமஸ்தானத்துச் சபாநாயகருக்கு இவ்வளவு தூரம் வந்து உட்கார நேரம் இல்லை. தன்னோட போட்டோவையும் கறுப்பு அங்கியையும் மட்டும் நூம்பல்ல இருந்த ஓவியருக்கு அனுப்பிட்டார். போட்டோவைப் பார்த்து முகத்தை எழுதியாச்சு. உடம்புக்கு ஒரு ஆள் வேணுமே? அந்த ஓவியரோட தோட்டத்துல வேலை செஞ்ச உங்க அப்பா துலுக்கானத்துக்கு அங்கியைப் போட்டு உட்கார வெச்சார்னு உங்க ஊர் பாரிவாக்கம் பூரா சொல்றாங்க.”

“சொல்லிகினுதான் கீறாங்க. டீக்கடையில என்னைக் கண்டா போதும், ‘வாங்க கூலி சபாநாயகர் புள்ளே’ம்பான் பரந்தாமன். எங்க நைனா செத்து, ஊட்டு வாசல்ல பந்தல் போட்ட அன்னிக்கும் சொன்னான்.”

“அவன் மூஞ்சில அடிக்கற மாதிரி எழுதிப் போடத்தானே சொல்றேன் பெரீப்பா!” உத்தமன் எழுந்துவிட்டான். “அம்பத்தூர் எஸ்டேட் பூரா சொல்லிட்டேன். நாளைக்கு ஷிப்டு மாத்திகினு வரானுங்க பசங்க. தாத்தா பேரு இல்லாங்காட்டி என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?”

“இப்ப எங்க கீதோ அங்கியே வெச்சுக்கோ.”

பஞ்சவர்ணம் சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். லட்சுமணன் சிரிக்கவில்லை.

“அண்ணே, நைனா பேரு ரேஷன் கார்டைத் தவிர வேற எங்கனா வந்துகீதா? ஒரு தபா வரட்டுமே. கூலிக்கு உக்காந்தா இன்னா? திருடவா செஞ்சாரு?”

“கூலி வாங்கினதுக்கு நான் வெக்கப்படலடா.”

“பின்னே?”

வேலுசாமி வசந்தகுமாரியிடம் கையை நீட்டிப் புகைப்படத்தை வாங்கினார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இந்தப் படத்துல அப்படி இன்னா விசேசம்மா?”

வசந்தகுமாரி எழுந்து அவர் அருகில் வந்தாள். “நாங்க சேர்த்திருக்கிற பழைய படங்கள்ல சபாநாயகர் எல்லாம் நாற்காலிக்குப் பக்கத்துல நிற்பாங்க. இல்லேன்னா குனிஞ்சு ஏதாவது காகிதத்தைப் பார்ப்பாங்க. ராஜா பார்க்கப்போற படம் இல்லையா, அந்தப் பயம் உடம்புல தெரியும். இதுல பாருங்க. நல்லா சாஞ்சு, ரெண்டு கையையும் நாற்காலிக் கை மேல வெச்சு, சபையே தன்னோடதுங்கற மாதிரி உட்கார்ந்திருக்கார். பின்னால வந்த ஓவியர்கள் இதைப் பார்த்துதான் எழுதியிருக்காங்க. தோட்ட வேலை செஞ்ச ஒருத்தருக்கு இந்தத் தோரணை எப்படி வந்ததுன்னுதான் எனக்குப் புரியலை.”

“வரல,” என்றார் வேலுசாமி.

“என்னங்க ஐயா?”

“எங்க நைனாவுக்கு அது வரலம்மா. மொதலாளி எதிர்ல உக்கார்ற வழக்கம் அப்ப எங்க ஜனத்துக்குக் கெடையாது. ஓவியரு அங்கிய மாட்டி நாற்காலியில உக்கார வெச்சாரு. அவரு திரும்பிப் பார்த்தா நைனா எழுந்து நிப்பாரு. உக்காருடான்னு அதட்டுவாரு. உக்காருவாரு. அவரு ஒரு தபா இருமினாக்கா மறுபடியும் எழுந்துக்குவாரு. ‘நான் உக்காரணும்னுதாண்டா நெனச்சேன், காலு கேக்கல’ன்னு என்னாண்ட சொல்லி அழுதாரு. பொழுது சாயச்சொல்ல அங்கிய அவுத்து மடிச்சு வெச்சுட்டு ஊட்டுக்கு வந்துட்டாரு. அதோட செரி. அப்பறம் அந்த நாற்காலியாண்ட அவரு போவல.”

உத்தமன் மெல்ல உட்கார்ந்தான். லட்சுமணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் இது தெரியாது.

வசந்தகுமாரி பேனாவைத் திறந்தாள். படத்துக்குக் கீழே வைக்கும் அட்டையில் எழுதியிருந்த ‘துலுக்கானம், பாரிவாக்கம்’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

“மன்னிச்சுக்குங்க ஐயா. உட்கார்ந்தவர் யாருன்னு தெரியலைன்னு போட்டுடறேன்.”

“தெரியலைன்னு போடாதீங்க.”

“அப்ப அங்கிய யாருதான் போட்டுகினது மாமா?” என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

வேலுசாமி புகைப்படத்தை வசந்தகுமாரியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

“பொம்பளைய நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கன்னு, கேலி மொத்தத்தையும் நைனா தன் பேர்ல வாங்கிகினாரு. சாவற வரைக்கும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. இன்னிக்கு சொல்றேன், எழுதிக்குங்க. ஊர்ல சொல்றது பொய்யி. மறுநாளு அங்கியப் போட்டுகினு, படம் முடியற வரைக்கும் யாருக்கும் எழுந்திருக்காம உக்காந்தது எங்க அம்மா வேம்புலியம்மாள்.”