குருத்துக்குள் தண்ணீர்

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை மறந்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்த ஜீவராணி, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜன்னலோரம் மாமனார் இராமையா குனிந்து நின்றிருந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை.

வினோஜனின் ஓர்க்கிட் செடிக்கு அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தொட்டியின் ஓரத்தில் அல்ல. இலைகள் ஒன்றுசேரும் நடுக்குருத்தில், மெதுவாக, சொட்டுச் சொட்டாக. எங்கே ஒரு துளிகூட விழக் கூடாது என்று வினோஜன் சொல்லியிருந்தானோ, அங்கே.

அவள் கணவன் வினோஜன் நுவரெலியாவில் பூச்செடி நர்சரி ஒன்றில் வேலை பார்த்தான். குருத்துக்குள் மொட்டு தலைகாட்டிய சமயம் இந்தச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பூவின் அடி இதழ் செருப்பின் முன்பக்கம் போலக் குழிந்திருக்கும் என்று போனில் படம் காட்டினான். செருப்பை வெளியே போடச் சொன்னால் இவன் ஜன்னலில் கொண்டுவந்து வைக்கிறானே என்று மாமியார் வீரம்மா சொன்னதற்கு, சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் சிரித்தார்கள்.

செடியைப் பார்க்கும் விதத்தை அவன் ஜீவராணிக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தான்.

வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். விரலை விட்டுப் பார்த்து, மேலே கிடக்கும் தேங்காய் மட்டைத் துண்டுகள் காயத் தொடங்கினால்தான் தண்ணீர். அதுவும் காலையில். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. இது வறட்சியில் சாவதைவிட அன்பில் சாவதுதான் அதிகம் என்று சொல்லி அவள் மூக்கைத் தொட்டான்.

ஒரு கொத்து இலைக்கு ஒரே ஒரு முறைதான் பூ. அது தவறினால், பக்கத்தில் புதுக்கொத்து முளைத்துப் பெரிதாகும்வரை காத்திருக்க வேண்டும்.

செடிகளை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் போன வேன் மழையில் கவிழ்ந்து அவன் இறந்த பிறகு, இந்த வார்த்தைகளை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. யாரும் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. அவளுக்கென்று அவன் விட்டுப்போனவை வேறு அதிகம் இல்லை.

அப்படியும் தொட்டி எப்போதும் ஈரமாகவே இருந்தது.

ஒரு நாள் வீரம்மாவைக் கையும் ஈரமுமாகப் பிடித்தாள். செடி என்றால் தாகம் எடுக்காதா, அதை வளர்த்தவன் பட்டினி போடவா கொண்டுவந்தான் என்று அத்தை முணுமுணுத்துக்கொண்டே முந்தானையில் கையைத் துடைத்தாள். அதன் பிறகும் ஈரம் குறையவில்லை.

மாமாவை அவள் சந்தேகிக்கவே இல்லை. மகனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தவர் அதற்குப் பிறகு பேசவில்லை. சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவார். பக்கத்து வீட்டார் கூப்பிட்டால் அந்தத் திசையைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

இப்போது அவர் பேசினார்.

"குடிப்பா. ஒங்கம்மா பீலியில தண்ணி புடிச்சிட்டு வர்றதுக்குள்ள குடிச்சிரு."

அந்தக் குரலை ஜீவராணி மறந்தே போயிருந்தாள். வினோஜனின் குரல் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

இதைச் செய்தது யார் என்று தெரிந்தால் கேட்பதற்கென்று சில நாளாக அவள் நாக்கில் ஒரு சண்டை காத்திருந்தது. கத்துவதற்குக்கூடத் தயாராக இருந்தாள். அது எங்கோ உள்ளே இறங்கிப் போனது.

அவர் திரும்பிப் பார்த்தார். கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இல்ல புள்ள… வாடுன மாதிரி இருந்திச்சு."

கீழே காலைப் பெரட்டுக்கு, பேர் கொடுக்கப் போகும் பெண்களின் பேச்சுச் சத்தம் பாதையில் கடந்துகொண்டிருந்தது. பிறகு, அவளைப் பார்க்காமல், செடியைப் பார்த்தபடி கேட்டார்.

"பூத்திரும்ல?"

"பூக்கும் மாமா. நாளைக்கும் ஊத்துங்க."

அவர் தலையாட்டவில்லை. சரி என்று வாய் திறந்து சொன்னார். கோப்பையில் மிச்சமிருந்ததை இனி ஒளிக்கத் தேவையில்லை என்பதுபோல நிதானமாக ஊற்றினார்.

அவள் படங்கை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவள் அந்தச் செடியைத் தூக்கிப் பார்த்திருந்தாள். பிடிப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. உயிருள்ள வேர் என்று ஒன்றும் மிச்சமில்லை. தொட்டதும் பழுப்பாக வழுக்கிக் கழன்றது. இலைகளுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

சாய்ந்துவிடாதபடி அதை மறுபடி தொட்டியில் நிறுத்தி, சுற்றிலும் மட்டைத் துண்டுகளை அழுத்தி, மொட்டு இருக்கும் பக்கத்தை வீட்டுக்குள் தெரியும்படி திருப்பி வைத்தவள் அவள்தான்.