பைலியின் வாத்துகள்

வாத்துகள் அன்றைக்கும் கரையேறவில்லை.

கால்வாய்க்கு அக்கரையில், அறுவடை முடிந்த வயலில், தலையைச் சேற்றுக்குள் விட்டு வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேய்ந்தன. இக்கரையில் நானும் தம்பி ஜோமோனும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போய் நின்றோம்.

அம்மா கூட்டுப் பக்கத்தில் நெல்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் அப்பா பைலியை, நாங்கள் அப்பச்சன் என்று கூப்பிடுபவரை, அடக்கம் செய்ததிலிருந்து அவள் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை.

அப்பச்சன் இருந்தவரை இது ஒரு வேலையே இல்லை. இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பார். மொத்தக் கூட்டமும் நீந்தி வந்து கூட்டுக்குள் புகுந்துவிடும். பைலியின் குரலை வாத்துகள் அறியும் என்று அடக்கத்தின்போது பாதிரியாரே சொன்னார். எல்லோரும் அழுதோம்.

இப்போது வெளியே தங்கும் வாத்துகளை நரி தூக்கிக்கொண்டிருந்தது. அன்றும் ஏறாவிட்டால் காலையில் வியாபாரி லாரியோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அம்மா அதை வேண்டாமென்று சொல்லவில்லை. கூடையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாத்துக்கூட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அவை மனிதரைப் பார்த்து நடப்பதில்லை, முன்னால் போகிற வாத்தைப் பார்த்து நடக்கும். ஒன்றைத் திருப்பிவிட்டால் போதும், மிச்சமெல்லாம் தானாகத் திரும்பும். அந்த ஒன்றை அப்பச்சன் எதால் திருப்பினார் என்பதுதான் தெரியவில்லை.

ஆகவே அவருடைய சாயங்காலத்தில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம்.

முதலில் விசில். ஒரு கல்யாண வீடியோவில் அப்பச்சன் விசிலடித்திருந்தார். அதைப் பள்ளியின் ஒலிபெருக்கியில் போட்டோம். வாத்துகள் கழுத்தை நீட்டிக் கேட்டன. மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடி சேற்றுக்குள் தலையை விட்டன.

அடுத்து உடை. ஜோமோன் அப்பச்சனின் சட்டையும் கைலியும் உடுத்தி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். வாத்துகள் எதிர்த்திசையில் ஓடின.

கடைசியில் பீடி. அப்பச்சன் கால்வாயோரம் கட்டியிருந்த வள்ளத்தில், தன் சின்னப் படகில், உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே இருப்பார். ஜோமோனும் வள்ளத்தில் ஏறிப் பற்றவைத்தான். முதல் இழுப்பிலேயே இருமல் வந்து, வள்ளம் ஆடி, அப்பச்சனின் நல்ல சட்டையோடு கால்வாயில் விழுந்தான். கைலி தனியாக மிதந்து போயிற்று.

அம்மா எழுந்துவிட்டாள்.

"ஏ மனுஷா, ஏறி வாரும். இருட்டப்போவுது. உமக்கு வீடு, சோறுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அந்த வள்ளத்தையே கட்டியிருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டினீரு?"

சொல்லிவிட்டு, அந்த மனுஷன் இல்லை என்பது நினைவுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கரையில் ஒரு வாத்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அதன் பின்னால் இன்னும் சில. அம்மா வாயைப் பொத்தியதும் அவையும் நின்றுவிட்டன.

நிறுத்தாதே அம்மா, திட்டு என்றேன். செத்த மனுஷனையா என்று கேட்டாள். ஆமாம், அவரைத்தான் என்றேன்.

முதலில் கூச்சத்தோடுதான் ஆரம்பித்தாள். பிறகு சூடு பிடித்தது. பிரஷர் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தது, சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தது, அடுப்பில் அவருக்காக வைத்த மீன்குழம்பைப் பூனை தின்றது வரை வந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குரல் தணியவில்லை. வாத்துகள் வரிசையாகக் கால்வாயில் இறங்கின.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இருட்டுகிறதே, விசிலடியுங்களேன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பீடியைக் கூட வாயிலிருந்து எடுக்காமல், "உங்கம்மா வரட்டும்" என்பார். அவள் கூடையோடு வந்து நின்று ஒரு பாட்டம் திட்டி முடிக்கும்வரை அசையமாட்டார். விசில் அதற்குப் பிறகுதான். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று கரை முழுக்கச் சிரித்தது.

இதை அம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ இவ்வளவு காலமும் தெரிஞ்சே உக்காந்திருந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, அதையும் சேர்த்துத் திட்டினாள். மிச்சமிருந்த வாத்துகளும் வந்துவிட்டன.

வியாபாரி காலையில் ஒரு காப்பி குடித்துவிட்டுக் காலி லாரியோடு திரும்பினார்.

இப்போது தினமும் வெயில் சாய்ந்ததும் அம்மா நெல்கூடையோடு கரையில் நின்று அப்பச்சனைத் திட்டுகிறாள். வாத்துகள் கூட்டுக்கு வந்துவிடுகின்றன. விசில் தேவைப்படுவதில்லை.