எல்லாம் அதனதன் இடத்தில்

“நாளைக்கு விடிஞ்சா வேட்டை சீசன். நீ என்னடான்னா டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க, மாப்ள” என்றார் எல்டன்.

லேலண்ட் நிமிரவில்லை. “கோணலா ஒட்டிட்டா அப்புறம் பிய்க்க வராது மச்சான். ஒரு நிமிஷம்.”

அந்த ஒரு நிமிஷம் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. லேலண்ட், எல்டனின் தங்கை டார்லாவைக் கட்டியவன். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, பளபளவென்று துலக்கி, புது வெடிமருந்தும் குண்டும் ஏற்றி மறுபடி தோட்டாவாக்குவது வயோமிங்கின் அந்தச் சிற்றூரில் பாதிப் பேருக்குப் பொழுதுபோக்கு. எல்டனும் செய்வார்தான், சமையலறை மேஜையின் ஓரத்தில், ஒரே ஒரு காபி டப்பாவை வைத்துக்கொண்டு. லேலண்டோ அதற்காகக் கார் கொட்டகையையே ஒழித்துப் பட்டறையாக்கிவிட்டான். கார் வெளியே பனியில் நின்றது.

ஒவ்வோர் அக்டோபரிலும் எல்டன் வேட்டைக்குக் கூப்பிடுவார். பட்டறையை ஒழுங்குபண்ணிவிட்டு வருகிறேன் என்பான். முதல் வருஷம் கூடுகளைப் போட்டு வைக்க ஜாடிகள் போதவில்லை. அடுத்த வருஷம் ஜாடிகள் ஒரே உயரத்தில் இல்லை. போன வருஷம் எல்லாம் கூடி வந்தது. ஆனால் அளவு வரிசையில் அடுக்குவதா, அகர வரிசையில் அடுக்குவதா என்று முடிவெடுப்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது.

இந்த வருஷம் அப்படி விட முடியாது. ஏழு வருஷமாக விண்ணப்பித்து, மேற்கு மலையில் எல்க் மான் வேட்டைக்கு இருவர் பெயருக்கும் குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழுந்திருக்கிறது. ஆளுக்கொரு மான். குளிர்காலம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் இறைச்சி. இன்னொரு முறை விழுமா என்பது யாருக்கும் தெரியாது. ஐந்து மணிக்குள் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் மலையடியில் கூடாரம் போடலாம். அதனால் எல்டன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்து நின்றார். இன்றைக்கு இந்தப் பட்டறையை நானே ஒழுங்குபண்ணிக் கொடுக்கிறேன், அதற்கப்புறம் என்ன சாக்குச் சொல்கிறாய் பார்ப்போம் என்றார். லேலண்டின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் இன்னொரு ஏப்ரன் கொண்டுவந்து கொடுத்தான்.

மருந்து டின்கள் கிழக்குச் சுவரில். பொறி கொடுக்கும் பிரைமர் பெட்டிகள் மேற்குச் சுவரில். சண்டை போட்ட சம்பந்திகளைப்போல அவை ஒன்றையொன்று பார்க்கக்கூடாது என்பது லேலண்டின் சட்டம். எல்டன் அதை மறுக்கவில்லை. அதில் நியாயம் இருந்தது. குண்டுகளை எடைவாரியாகச் சின்ன இழுப்பறைகளில் போட்டார். எல்லா லேபிளும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று லேலண்ட் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. இரண்டு தட்டுகளில் ஒரே மாதிரிக் கூடுகள் இருக்கக் கண்டு, இடம் மிச்சமாகட்டுமே என்று இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டார்.

லேலண்ட் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, “ஒரு தடவை சுட்டதையும் மூணு தடவை சுட்டதையும் ஒண்ணாக் கொட்டிட்டீங்களே மச்சான்” என்றான், குழந்தைகளைத் திருவிழாவில் தொலைத்தவன் குரலில்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, தேய்மானம் பார்த்துப் பிரித்தார்கள். மத்தியானம் டார்லா சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொண்டுவந்தாள். அண்ணன் ஏப்ரனோடு குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “உன்னையும் இழுத்து உள்ள விட்டுட்டாரா?” என்றாள். இன்று மாலை உன் புருஷனை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விடமாட்டேன் என்றார் எல்டன். அவள் சிரித்துக்கொண்டே தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தார்கள். நூறு இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றொன்பதுதான் இருந்தன. ஒன்று குறைந்தால் என்ன என்று எல்டன் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். மேஜைக்கடியில் தவழ்ந்தார். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். காலணிகளைக் கழற்றி உதறினார். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஏழு வருஷக் காத்திருப்பு ஒரு பித்தளைக் கூட்டில் வந்து நின்றது.

தவழ்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார். லேலண்டின் காதில் பென்சில் செருகியிருந்தது. பென்சில் முனைக்கு மூடியாக மாட்டியிருந்தது அந்த நூறாவது கூடு.

“காதைக் காட்டு மாப்ள” என்று மட்டும் சொன்னார்.

மணி நாலே முக்கால். எல்டன் ஏப்ரனை அவிழ்த்துவிட்டுப் பட்டறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஜாடிகள் அணிவகுத்து நின்றன. ஒரு லேபிளும் கோணலாக இல்லை. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இனிமேல் ஏதாவது சாக்கு மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். லேலண்ட் நெஞ்சில் கை வைத்து, இல்லை என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

“அப்ப துப்பாக்கிய எடு, கிளம்பலாம்.”

லேலண்ட் மூலையிலிருந்த உயரமான இரும்பு அலமாரியைத் திறந்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரிப் பெட்டிகள், குண்டின் அளவு வரிசையில்.

“துப்பாக்கி எங்க மாப்ள?”

“அதுவா? அது மட்டும் எந்தத் தட்டுலயும் அடங்காம இடத்த அடைச்சுக்கிட்டு நின்னுச்சு மச்சான்” என்றான் லேலண்ட், கதவை மெல்லச் சாத்தியபடி. “போன வசந்தத்துலயே வித்துட்டேன்.”