ஓரத்து நட்சத்திரங்கள்

தலைத் திவசத்துக்கு வேணியின் போட்டோவை மாட்ட வேண்டாம் என்றார் மாமியார். "அந்த மொகத்த என்னால பாக்க முடியல மாப்ள. அவ நட்சத்திரத்தப் புடிச்சுக் குடுங்க."

என் மனைவி பிறந்தது கார்த்திகை நட்சத்திரத்தில். கார்த்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே படத்தில் அடங்க, தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவே ரெட்யூசர் லென்ஸைப் பொருத்தினேன். நடுவில் இருந்தவை பொட்டுப் பொட்டாக விழுந்தன. ஓரத்தில் இருந்தவையெல்லாம் நடுவை நோக்கி இழுபட்டு நீண்டிருந்தன. நண்பன் ஜெபராஜுக்கு அனுப்பினேன்.

"லென்ஸும் கேமராவும் ரொம்ப ஒட்டி உக்காந்திருக்குடா. நடுவுல ஒரு வளையம் போட்டுத் தள்ளி வை."

தள்ளி வைத்து மறுபடி எடுத்தேன். மூலை வரைக்கும் எல்லாம் உருண்டையாக வந்தன.

இரண்டு படங்களையும் மாமியாரிடம் காட்டினேன். சரியாக வந்ததை ஒதுக்கினார். "இதுல அவங்கவங்க எடத்துல சும்மா நிக்கறாங்க. அதுல அவளப் பாக்க ஓடியாறாங்க. அதையே மாட்டுங்க."

அது பிழையான படம் என்று நான் சொல்லவில்லை. மாட்டினேன்.

திவசத்தன்று என் அண்ணன் வந்தார். வேணி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவர். படத்தின் முன் நின்று, "என்னடா, ஓரமெல்லாம் இழுத்துக்கிட்டுக் கெடக்கு? இவ்ளோ படிச்சும் சரி பண்ணத் தெரியலையா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் சொன்னார்.

"அவங்களாச்சும் வந்தாங்க, தம்பி."