நோட்டில் உள்ளபடி

மருந்தின் அளவை மூன்று கிரெய்ன் குறைத்து நோட்டில் எழுதிவிட்டு, ஆர்வில் பேனாவை மூடினார். "இத நம்பினான்னா லைல் தொலைஞ்சான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பயப்பட வேண்டாம், இது நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து இல்லை. துப்பாக்கி மருந்து. ஆர்வில் கடைத் தோட்டாவைக் கையால் தொடமாட்டார். காலிக் கூட்டில் மருந்தை அளந்து போட்டு, குண்டைப் பொருத்தி, ஒவ்வொரு தோட்டாவையும் வீட்டு நிலவறையில் தானே செய்வார். குறி பிசகாமல் இருப்பதற்கு அதுதான் வழி என்பது அவர் கட்சி.

இரண்டு வருஷமாகத் துப்பாக்கி கிளப்பின் சுடும் போட்டிக் கோப்பை அவருக்குத்தான். சனிக்கிழமை மூன்றாவது தடவையும் ஜெயித்துவிட்டால் கோப்பையைத் திருப்பித் தர வேண்டாம். அதற்காக அலமாரியில் இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது.

இரண்டு வருஷமும் இரண்டாவதாக வந்தவர் லைல். வியாழக்கிழமைதோறும் காபிக்கு வருவார். "கீழ போயி உன் ஃபர்னஸ் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துட்டு வரேன்" என்று நிலவறைக்கு இறங்குவார். மினசோட்டாவில் குளிர் அதிகம்தான், ஆனாலும் ஜூன் மாதக் கோடையில் யாராவது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பார்ப்பார்களா?

அவர் பார்ப்பது அங்கே இருக்கும் நோட்டைத்தான். அதனால்தான் அதில் இந்தப் பொய். மூன்று கிரெய்ன் என்பது பத்து அரிசியின் எடைதான். ஆனால் அது குறைந்தால் குண்டு போகும், துப்பாக்கி அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துவிட வேண்டும். ஆளுக்கு ஆபத்தில்லை, மானத்துக்குத்தான் ஆபத்து.

வியாழக்கிழமை லைல் வந்தார், ஃபர்னஸைப் பார்த்தார், போனார். ஆர்வில் தன் தோட்டாக்களுக்கு மட்டும் மனதிலிருந்த சரியான அளவைப் போட்டு முடித்தார்.

"கண்ணாடிய போட்டுக்கிட்டு அள. தராசு முள்ளு உனக்குத் தெரியுதா?" என்றாள் மனைவி மார்லிஸ், படியில் நின்றபடி.

"முந்நூறு கஜத்துல ஈ உட்கார்ந்தா சொல்றேன். எனக்கு எதுக்குக் கண்ணாடி?"

"ஈ எட்ட இருக்கு. தராசு மூக்குக்கிட்ட இருக்கு."

ஆர்வில் பதிலுக்குச் சுவரைக் காட்டினார். தப்பாகச் செய்த தோட்டாவைத் தட்டிப் பிரிக்கிற பிளாஸ்டிக் சுத்தியல் அங்கே தொங்கியது. "நான் அத எடுத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா? தப்புப் பண்ணினாத்தானே எடுக்கணும்."

மார்லிஸ் மேலே போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் ஆர்வில் சோபாவில் கண்ணயர்ந்தபோது கீழே டொக், டொக் என்று வழக்கமான சத்தம். அன்று கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

"என்ன மார்லிஸ் அங்க?"

"வால்நட் உடைக்கிறேன். நீ தூங்கு."

சாயங்காலம் காபியோடு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்த கேக் கொடுத்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

சனிக்கிழமை கிளப்பில் நல்ல கூட்டம். பத்துத் தோட்டா, எழுபது நொடி, அவ்வளவுதான் போட்டி. மார்லிஸ் காபி ஃபிளாஸ்க்கோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆர்வில் பக்கத்து இடத்தில் சுடுவதற்குக் குப்புறப் படுத்திருந்த லைலைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார்.

விசில் ஒலித்தது. லைலின் துப்பாக்கி தையல் மெஷின் மாதிரி ஓடியது.

ஆர்விலின் துப்பாக்கி ஒரு தடவை சுட்டுவிட்டுச் சும்மா இருந்தது. கையால் இழுத்தார், சுட்டார். மறுபடி சும்மா இருந்தது. நாலாவது தோட்டாவுக்குள் வேர்த்துக் கொட்டியது. ஆறாவதோடு நேரம் முடிந்துவிட்டது. கோப்பை கைவிட்டுப் போய்விட்டது. அவருக்கு அழுகையே வந்தது.

லைல் எழுந்து வந்து தோளில் தட்டினார். "உன் நோட்டப் பார்த்தேன்ப்பா, பொய் சொல்ல மாட்டேன். இந்த அளவுக்குத் துப்பாக்கி தும்மக்கூடச் செய்யாதேன்னு நெனச்சு, என் பழைய அளவையே போட்டுட்டேன். நீ நெஜமாவே இதப் போட்டுட்டு வருவேன்னு எனக்கென்ன தெரியும்?"

"நான் போடலையே!" என்றார் ஆர்வில். லைல் சிரித்துக்கொண்டே கோப்பை வாங்கப் போனார்.

மார்லிஸ் காபியை ஊற்றி நீட்டினாள். அவள் முகமும் வாடித்தான் இருந்தது.

"மத்த வாரமெல்லாம் அஞ்சாறு தோட்டாதான் தப்பா இருக்கும். நேத்து பார்த்தா அத்தனையிலும் நோட்டுல இருக்கிறதவிட மூணு கிரெய்ன் கூட. கண்ணு சுத்தமாப் போச்சுன்னு நெனச்சேன். நோட்டுல உள்ளபடியே எல்லாத்தையும் சரி பண்ணி வச்சேன்."

ஆர்வில் காபியைக் கீழே வைத்தார். "மத்த வாரமா? எத்தனை வாரமா இது நடக்குது?"

"ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் என்னத்த உடைச்சேன்னு நெனச்ச, வால்நட்டா?"